துண்டை விலக்கிப் பாருங்க

போன வாரம் கவிதா போன் செய்தாள். ஏற்காட்டில் நான் வேலை பார்த்த மறுவாழ்வு இல்லத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். நல்ல பெண். வேலையில் சுறுசுறுப்பு, பேச்சில் அதைவிடச் சுறுசுறுப்பு. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்கு ஏரியில் துடுப்புப் போடப் பழக்கும் வேலையை எங்கள் காலத்தில் ஆரம்பித்தோம். அது இன்னமும் நடக்கிறது. அந்தப் படகுகளுக்கு இப்போது புது இருக்கைகள் வந்திருக்கின்றனவாம்.

"மேடம், பெல்ட்டு எல்லாம் சீட்டுலயே இருக்குதுங்க. ஒரு பட்டனை அமுத்துனா மொத்தமும் அவுந்துருது. அதனால பழைய முறையில ஒண்ணை மட்டும் எடுத்துரலாமான்னு கேக்கறனுங்க."

"எதைக் கண்ணு?"

"அந்தத் துண்டை விலக்கிப் பாக்கறதுங்க. மடியில போட்ட துண்டைத் தூக்கிட்டு இடுப்பைச் சுத்திக் கையை உட்டுப் பாக்கணும்னு வெச்சிருக்கீங்களே, அது. வர்றவங்க நொம்பக் கூச்சப்படறாங்க. எதுக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலீங்க மேடம்."

"எழுதி அனுப்பறேன். அது வரைக்கும் எடுத்துராத சாமி," என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் அலுப்பாக இருந்தது. எழுதுவதற்கு உட்கார வேண்டும். வேலைக் காலம் முழுக்க மற்றவர்களைத் தூக்கி உட்கார வைத்த முதுகு இது. இப்போது என்னை உட்கார வைக்கச் சொன்னால் முனகுகிறது. முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவசரத்தில் நானே அதைக் கேட்டதில்லை. சேலத்து வெயிலில் வெந்நீர்ப் பையை முதுகுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

படித்தது கோயம்புத்தூரில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், தேறினேன், பாதியை மறந்தேன். வேலை மலையில் கிடைத்தது. முதல் நாள் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு விசாரித்து நடந்தேன். இல்லத்து வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். தலைமை பிசியோதெரபிஸ்ட் தங்கவேல் சார். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"முதல்ல ஒரு எலுமிச்சம்பழச் சாறு குடிங்க. வேலை எங்கயும் போயிராதுங்க," என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வேலை என்னை விட்டு ஒரு நாளும் போகவில்லை.

தங்கவேல் சாரைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. பிஞ்சுக் குழந்தையைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றீங்களா?" என்று அவர் கேட்டால் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று அர்த்தம். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கேட்பார். அதுவும் உணர்ச்சியே இல்லாத காலைத் தொடுவதற்கு. "காலைத் தொடலாமுங்களா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் கை வைப்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் மேஜையைப் பார்த்து, "மேஜையைத் தொடலாமுங்களா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். பின்னாளில் நானும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டேன். கேட்காமல் தொட்டால் கை கூசியது.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. நோயாளியின் துணியைச் சரிசெய்ய வேண்டி வந்தால், வீட்டு ஆள் யாராவது அதைச் செய்யட்டும் என்று விட்டுவிடுவார். அப்போது அறையில் இருக்கும் எல்லோரும் திரும்பி நிற்க வேண்டும். மூத்திரக் குழாயோடு, பிறர் கண்ணெதிரே கிடந்து கிடந்து அவர்களுக்கு வெட்கமே மரத்துப் போயிருக்கும். அதை மீட்டுக் கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்ந்தது என்பார். அதனால் நாங்கள் சுவரைப் பார்த்து நிற்போம். இது இந்தக் கதைக்கு முக்கியம். நினைவில் வைத்துக்கொள் கவிதா.

படகு யோசனை அவருடையதுதான். சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு ஒரு நாள் வந்தார். "பெடல் போட்டுல காலுக்கு வேலைங்க. துடுப்புப் போட்டுல கைக்கும் தோளுக்கும்தானுங்க வேலை. நம்ம ஆளுங்களுக்கு ஏன் இதைக் குடுக்கக்கூடாது?" என்றார். எனக்கு அப்போது அது வேலையைக் கூட்டும் பேச்சாக மட்டும்தான் பட்டது. படகுத்துறை ஆட்களிடம் கேட்டு, சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முந்தைய காலை நேரத்தை வாங்கினார். கால்களை அறுத்துவிட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் காற்று அடைத்த ரப்பர் மெத்தை, மார்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் பட்டை. பட்டையைத் தைத்துத் தந்தவர் கடைத்தெருவில் ஜீப்புக்கு சீட் தைப்பவர். எங்கள் சாதனம் அவ்வளவுதான்.

முதலில் ஏறியவர் ஒரு லாட்ஜின் சமையல்காரர். பக்கவாதத்தில் இடது கை பலம் குறைந்தவர். வலது துடுப்பு நன்றாக இழுத்தது, இடது துடுப்பு சும்மா நனைந்தது. படகு ஒரே இடத்தில் வட்டம் அடித்தது. கரையில் நின்ற ஒருவர், "ஏனுங்க, அவரு எதையாச்சும் தொலைச்சுட்டாருங்களா?" என்று கேட்டார். சமையல்காரர் படகிலிருந்தே, "ஆமாங்க, இடது கையைத் தேடிட்டு இருக்கறனுங்க," என்றார். அவர் மலை இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் படகு ஓரளவு நேராகப் போகத் தொடங்கியிருந்தது.

தண்ணீரில் விளையாட்டு இல்லை என்பது சாருக்குத் தெரியும். அவர் வகுத்த முறை கண்டிப்பானது. ஏற்றுவதற்கு முன் மிதவைச் சட்டை. மார்புப் பட்டை ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அதை நோயாளியே எங்கள் கண்முன் இழுத்துக் காட்ட வேண்டும். அதன்பின் கவிழ்ப்பு. துடுப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் படகோடு வேண்டுமென்றே கவிழ்ப்போம். இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். அவர் தண்ணீருக்குள் பட்டையை இழுத்து, தானே வெளியே மிதந்து வர வேண்டும். வந்தவருக்குத்தான் துடுப்பு. கரையேறியதும் உடம்பைத் துடைத்து, உணர்ச்சியில்லாத இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடி பிடித்துப் பார்ப்போம். அவர்களுக்கு வலிக்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் மாதையன் வந்தார்.

வாழவந்திப் பக்கத்து ஆள். எஸ்டேட்டில் மிளகு பறிப்பவர். சில்வர் ஓக் மரத்தில் கொடி மேலே மேலே ஏறிப் போயிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, ஏணியை மரத்தோடு கட்டி, தன்னையும் இடுப்பில் கயிறு போட்டு மரத்தோடு கட்டிக்கொண்டு பறிக்க வேண்டும். கீழே அவர் மனைவி சின்னப்பொண்ணு உதிர்ந்த கொத்துகளைப் பொறுக்குவாள். அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. கட்டை அவிழ்த்து இறங்கி, கயிற்றைச் சுருட்டி அவளிடம் கொடுத்துவிட்டார். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு கொத்து விட்டுப் போயிருந்தது. ஒரு கொத்துதானே என்று கயிறு இல்லாமல் ஏறினார். தண்டுவடம் முறிந்து, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாத உடம்போடு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அவருடைய கைகளில் நல்ல பலம் இருந்தது. தோள்கள் என்னைவிடத் திடம். ஆனாலும் அவரால் உட்கார முடியவில்லை. உட்கார வைத்தால் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு விரலை விடச் சொன்னாலும் முகம் வெளுத்துவிடும். "உளுந்துருவனுங்க டாக்டரம்மா, உளுந்துருவன்," என்பார். கட்டிலிலிருந்து தரைக்கு முழங்கால் உயரம்தான். அவருக்கு அது சில்வர் ஓக் உச்சி.

உட்காருவது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கையை விட்டு உட்காரத் தெரியாதவர் சக்கர நாற்காலிக்குத் தானாக மாற முடியாது. மாற முடியாதவரை வீட்டுக்கு அனுப்பினால் படுத்தே கிடப்பார். மலையில் ஒற்றை அறை வீட்டில், மனைவி எஸ்டேட்டுக்குப் போய்விட்டால், புரட்டிப் போட யார் இருக்கிறார்கள்? படுக்கைப்புண் வரும். புண் எலும்பு வரைக்கும் போகும். அப்படிப் போனவர்களை நான் வழியனுப்பியிருக்கிறேன். அனுப்பிவிட்டு, பிறகு செய்தியும் கேட்டிருக்கிறேன். மாதையன் உட்காரப் பழகினால் வாழ்வார், இல்லாவிட்டால் நெடுநாள் இருக்க மாட்டார். எங்களுக்கும் தெரியும், சின்னப்பொண்ணுவுக்கும் தெரியும்.

ஒரு நாள் சார் அவரிடம் கேட்டார். "உங்களுக்கு என்ன ஆசைங்க?"

மாதையன் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "எங்க எஸ்டேட்டு மரத்துல உச்சிக்குப் போனா தூரத்துல இந்த ஏரி தெரியுமுங்க. இத்தன வருசத்துல ஒரு நாளும் போட்டுல ஏறுனதில்லீங்க. எங்களுக்கு எங்கீங்க நேரம்?"

"ஏறலாமுங்களா?"

"பிடிச்சுக்க ஏதாச்சும் இருக்குமுங்களா?"

"துடுப்பு இருக்குமுங்க," என்றார் சார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. பிடித்துக்கொள்ளத் துடுப்பு இருக்கிறது. ஆனால் அது கையோடு போய்க் கையோடு வரும், ஆளைத் தாங்காது. அதைப் பிடித்தபடி அவர் உடம்பு தானாக நிற்கக் கற்றுக்கொள்ளும் என்பது சாரின் கணக்கு.

கவிழ்ப்பைப் பற்றி அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு விளக்கினோம். மாதையன் யோசித்துவிட்டு, "தண்ணிதானுங்களே," என்றார். சின்னப்பொண்ணு கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "போட்டு முழுகாதுங்களா?"

"முழுகாதுங்கம்மா, கவுந்தாலும் மெதக்கும்," என்றான் படகுத்துறைப் பழனி. அவள் தலையாட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் காலை ஏரியில் பனி விலகவில்லை. மாதையனைத் தூக்கி நாற்காலியில் வைத்தோம். மிதவைச் சட்டை போட்டோம். மார்புப் பட்டையைக் கட்டினேன். அவர் ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்தபடி மறு கையால் இழுத்துக் காட்டினார். ஒரே இழுப்பில் வந்தது. மறுபடி கட்டினேன். வேட்டி விலகியிருந்தது. சின்னப்பொண்ணு வந்து குனிந்து வேட்டியைச் சரிசெய்தாள். மெத்தையை இழுத்துவிட்டாள். மடியில் துண்டை விரித்து ஓரங்களைச் செருகினாள். சார் வழக்கப்படி நாங்கள் எல்லோரும் திரும்பி எதிர்க்கரையைப் பார்த்தபடி நின்றோம். "ஆச்சுங்க," என்றாள்.

படகைச் சற்றுத் தள்ளி, பழனியும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தார்கள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் தலைமாட்டில் நின்றேன். ஏரித் தண்ணீரின் குளிர் முழங்காலுக்குள் இறங்கியது. அந்தக் குளிர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பட்டை அவிழும் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் இழுத்தார். ஒரு கை வெளியே வந்தது. அடுத்ததாகத் தலை வர வேண்டும். வரவில்லை.

கையைப் பிடித்து இழுத்தேன். மேல் உடம்பு என் பக்கம் வந்தது, இடுப்பு வர மறுத்தது. மிதவைச் சட்டை அவரை மேலே தூக்க, வேறு ஏதோ கீழே பிடித்துக்கொண்டிருந்தது. மூக்கு ஒரு தடவை தண்ணீருக்கு மேலே வந்து மறுபடி உள்ளே போனது. பழனி, "பட்டை அவுந்துருச்சுங்க, அவுந்துருச்சுங்க," என்று கத்தினான். கரையில் நின்ற சார் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு அப்படியே செருப்போடு தண்ணீரில் இறங்கினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவருக்கு முன்னால் சின்னப்பொண்ணு இறங்கிவிட்டாள்.

"போட்டைத் தூக்குங்க! இடுப்புல கவுறு இருக்குதுங்க! இழுக்காதீங்க, இழுத்தா இறுகிக்கும், போட்டைத் தூக்குங்க!"

இரண்டு பேரும் படகின் ஒரு பக்கத்தைத் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். அவள் தலையோடு தண்ணீருக்குள் போனாள். பாரம் இறங்கினால் இறுகவும் பாரம் விட்டால் நெகிழவும் போட்ட முடிச்சு அது. மரத்திலிருந்து நழுவியவனை விடாமல் பிடித்துக்கொள்ளும் முடிச்சு. எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் இழுத்தாள். மாதையன் பாரமாக என் மேல் வந்து விழுந்தார். நான் அவரை அணைத்தபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். என் முதுகு முதல் முதலாகச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

அவர் இருமினார், தண்ணீரைக் கக்கினார், மறுபடி இருமினார். இருமலைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றி இல்லத்துக்குக் கொண்டுவந்து, டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துப் பயமில்லை என்று சொல்லும் வரைக்கும் யாரும் ஈரத்துணியை மாற்றவில்லை.

உடம்பைத் துடைக்கும்போதுதான் கண்டோம். இடுப்பைச் சுற்றி, தோல் உரிந்து, கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. மாதையன் கண்ணாடியில் பார்த்தார். அவருக்கு அது வரை தெரியாது. உணர்ச்சி இருக்கும் இடத்துக்குக் கீழேதான் அவள் கட்டியிருந்தாள். மடித்த வேட்டிக்கு உள்ளே, துண்டுக்கு அடியில், படகின் குறுக்குப் பலகையோடு சேர்த்து. நாங்கள் எல்லோரும் மரியாதையாகத் திரும்பி நின்ற நேரத்தில்.

"என்ன புள்ளை இது?" என்றார் மாதையன்.

அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். ஈரச் சேலை. "போட்டு முழுகாதுன்னாங்க. போட்டோட இருந்தாப் பொழைச்சுக்குவீங்கன்னு கட்டுனன். நீங்க மரத்துல இருந்து உளுந்த அன்னிக்கிக் கவுறு என்ர கூடையில இருந்துச்சு. நீங்க ஏறறப்பப் பாத்துட்டுத்தான் நின்னன். வாயத் தொறந்து, இந்தாங்க கவுறுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. இன்னொருக்காக் கட்டாம உங்கள எதுலயும் ஏத்த மாட்டன்னு எனக்குள்ள வெச்சிருந்தன்."

"நாந்தான புள்ளை அவுத்துக் குடுத்தன்," என்றார் அவர். "உன்ர கையில நாந்தான குடுத்தன்." பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் வழக்கப்படி சுவர்ப் பக்கம் திரும்பினேன். திரும்பியபடி நானும் அழுதேன்.

சார் அவளைத் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தோம். நனைந்த வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு வயதாகியிருப்பதைப் பார்த்தேன். "மரத்துல அது சரியான கட்டுங்க. அந்தம்மா தப்பாக் கட்டலை," என்றார். வேட்டி ஓரத்தைப் பிழிந்துவிட்டு, "நாமதான் திரும்பி நின்னமுங்க. இனிமே துண்டை விலக்கிப் பாக்கணும். திரும்பி நிக்கிறதையும் விட வேண்டாமுங்க. அவங்க சரிபண்ணட்டும், நாம திரும்பி நிப்போம். அப்புறம் கேட்டுட்டுப் பாப்போம்," என்றார். நம் முறையில் அந்தப் படி வந்த கதை இதுதான் கவிதா.

கயிற்றுப் புண் ஆற வெகுநாள் ஆயிற்று. உணர்ச்சியில்லாத தோலில் புண் சீக்கிரம் ஆறாது. தினமும் நான் மருந்து போட்டேன். சின்னப்பொண்ணு பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் அது அவளுக்குத் தண்டனை. படகை விட்டுவிடலாம் என்று நான் சாரிடம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். அலுப்பும்கூட. சார் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றீங்களா?" என்றார். போய்விட்டு வந்தேன்.

புண் ஆறியபின் அவர் போய்க் கேட்டது சின்னப்பொண்ணுவிடம். "அம்மா, நீங்க ஒருக்காப் படகுல உக்கார்றீங்களா? உங்களைக் கவுத்துப் பாக்கலாமுங்களா?"

அவள் விழித்தாள். "என்னையுங்களா? எனக்கு நீச்சல் தெரியாதுங்களே!"

"அவருக்கும் தெரியாதுங்க. இந்தப் பட்டையை நீங்க நம்பலீன்னா அவரு நம்ப மாட்டாருங்க."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சேலையை வரிந்து கட்டி, அதன்மேல் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கரையில் சக்கர நாற்காலியில் மாதையன், கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி. பட்டையைக் கட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கவிழ்த்தார்கள். உடனே வெளியே வந்தாள், முடியெல்லாம் பாசியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, பட்டையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி. "அவுருதுங்க! இழுத்தா அவுருதுங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். கரையிலிருந்து மாதையன், "சரி புள்ளை, ஏறி வா, சளி பிடிச்சுக்கும்," என்றார்.

அதற்கடுத்த வாரம் மாதையனும் கவிழ்ந்து வெளியே வந்தார். துண்டை விலக்கிப் பார்த்த பிறகுதான். நான் குனிந்து, "பாக்கலாமுங்களா?" என்று கேட்டபோது சின்னப்பொண்ணு தானே ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். பட்டையையும் அன்று முதல் அவளே கட்டினாள். சார் அப்படி ஏற்பாடு செய்துவிட்டார்.

துடுப்பு பழகியது. பழனி பின்னால் உட்கார்ந்து திசை சொல்வான். துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அது மாதையனுக்குப் பிடித்துப் போயிற்று. "கெளம்புன எடம் கண்ணு முன்னாலயே இருக்குதுங்க," என்பார். கிளம்பிய இடத்தில் சின்னப்பொண்ணு நின்றிருப்பாள். நாற்காலியின் முதுகைச் சார் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "முதுகைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமுங்களா?" என்று மாதையனிடம் கேட்பார். அவர் யோசித்து, "விரலளவு எடுத்துக்கங்க," என்பார். நிலம் பாகம் பிரிப்பவர்கள்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். பட்டையும் மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கியது.

நாற்காலிக்கு முதுகே இல்லாமல் போன பிறகு ஒரு நாள் காலை. ஏரி நடுவில் படகு. தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து மாதையன் கண்ணில் விழுந்தது. இரண்டு துடுப்பையும் விட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். துண்டை உதறி, மடித்து, நிதானமாகச் சுற்றிக் கட்டினார். நுனியைச் செருகினார். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிச் சமன் செய்துகொண்டது. துடுப்பைத் திரும்ப எடுத்தார். தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கரையில் நான் திரும்பிப் பார்த்தால் சின்னப்பொண்ணு புல்லில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி, "சொல்லிராதீங்க. சொன்னா மறுபடியும் பிடிச்சுக்குவாருங்க," என்றார்.

மழைக்காலம் பிறப்பதற்குள் மாதையன் வீட்டுக்குப் போனார். தங்கவேல் சார் ஓய்வு பெற்று, சில வருடங்களில் காலமானார். எனக்கு அதன்பிறகும் நிறைய பேர் வந்தார்கள். எல்லோரும் உட்காரவில்லை. உட்காராதவர்களின் முகங்கள்தான் இந்த வயதில் அதிகம் வருகின்றன. ஓய்வு என்றால் முதுகு ஓயும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

கவிதா போன் செய்த பிறகு, எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பஸ் ஏறி ஏற்காடு போய், அங்கிருந்து வாழவந்திக்கு இன்னொரு பஸ் பிடித்தேன். இந்த முறையும் வாந்தி. வீடு அதேதான், வாசலில் சிமெண்ட் சரிவு புதிது. உள்ளே கட்டில் விளிம்பில் மாதையன் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க டாக்டரம்மா! ஏனுங்க, முதுகைப் பிடிச்சுட்டு வர்றீங்க? யாராச்சும் தூக்கி உக்கார வெக்கோணுமா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை," என்றேன்.

முறத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து சின்னப்பொண்ணு நீட்டிய இரண்டு டம்ளரையும் வாங்கி, ஒன்றை எனக்கு நீட்டினார். இரண்டு கையிலும் காபி. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மடியில் ஒரு துண்டு விரித்திருந்தார். என் கண் அங்கே போனதை அவர் பார்த்துவிட்டார்.

"கேக்க மாட்டீங்களா?" என்றார்.

"பாக்கலாமுங்களா?" என்றேன்.

"பாருங்க."

துண்டை விலக்கினேன். இடுப்பைச் சுற்றிக் கையை விட்டுப் பார்த்தேன். பழைய தழும்பு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. கயிறு ஒன்றும் இல்லை. அடுப்படி வாசலில் சின்னப்பொண்ணு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கங்க டாக்டரம்மா," என்றாள். "நானும் தினமும் பாக்கறனுங்க. என்ர கை என்னையும் அறியாமக் கட்டிருக்குமோன்னு."

அந்தப் படி இருக்கட்டும் கண்ணு.